குணமாகும் நாளுக்காக முன்கூட்டியே ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன மாதம் தம்பி மகள், சர்க்கரை நோய்க்குப் புதுச் சிகிச்சை என்று செய்தி வந்த பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கேட்டாள்: "அத்தை, சுகர் சுத்தமா குணமாயிட்டா மொத நாள் என்ன பண்ணுவீங்க?" அல்வா சாப்பிடுவேன் என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இந்தச் சர்க்கரை எனக்கு வந்தது 1993இல், ஒன்பது வயதில். பெரியவர்களுக்கு வந்து மாத்திரையில் கட்டுப்படுகிற சர்க்கரை இல்லை இது. டைப் 1. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தேடித்தேடி அழித்துவிடும். அதன் பிறகு ஊசியில் ஏறும் இன்சுலின்தான் உயிர். முதல் பன்னிரண்டு வருஷம் தினம் இரண்டு ஊசி, அப்புறம் தினம் நான்கு. கணக்குப் போட்டால் இதுவரை சுமார் 38,000 ஊசி வருகிறது.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு அந்த நாளைக் கற்பனை செய்து பார்த்தேன். எழுந்ததும் விரலைக் குத்த வேண்டாம். இட்லி இரண்டா மூன்றா என்று மனக்கணக்கு வேண்டாம். சர்க்கரை பார்க்க ராத்திரி மூன்று மணி அலாரம் வேண்டாம். கைப்பையில் பேனா ஊசி, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பா, குளுக்கோஸ் பொட்டலம் எதுவும் இல்லாமல் வெறும் பர்ஸோடு பஸ் ஏறலாம். செண்பகவல்லி அம்மன் கோயிலில் தொன்னையில் தரும் சர்க்கரைப் பொங்கலைப் பக்கத்தில் நிற்கிறவர் கையில் தள்ளாமல் நானே சாப்பிடலாம். சரி, அதற்கு மேல்? யோசிக்க யோசிக்க ஆட்களின் முகங்கள்தான் வந்தன. அந்த நாள் வரும்போது உங்களில் யார் இருப்பீர்களோ, நான்தான் இருப்பேனோ தெரியாது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளுக்குத்தான் முதல் நன்றி. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள், ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனால் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று காட்டும் பெனடிக்ட் கரைசல் 5 மில்லிக்கு என் சிறுநீர் 8 சொட்டு என்று அவள் அளந்தால் ஒரு சொட்டு பிசகாது. ஸ்டவ்வைப் பற்றவைத்து, சோதனைக் குழாயை இடுக்கியால் பிடித்துக் கொதிக்கவிடுவாள். நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து நிறத்தைப் பார்ப்பேன். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய் செங்கல் நிறத்துக்கு வந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, இரண்டு வகை இன்சுலினில் கலங்கலாக இருக்கும் மருந்தைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி, தெளிவான மருந்தை முதலில், கலங்கலை அடுத்ததாக இழுப்பாள். "தெளிவு முந்தி, கலங்கல் பிந்தி" என்று வாய் முணுமுணுக்கும். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், உள்ளே துணியில் சுற்றிய மருந்துக் குப்பி. சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று தடவை மணலுக்குத் தண்ணீர் தெளிப்பாள்.

ஒருவருக்கு நன்றி கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பத்து வயது இருக்கும். பக்கத்து ஊரில் ஒரு வைத்தியர், ஒரு மண்டலம் சூரணம் சாப்பிட்டால் வேரோடு போய்விடும், ஆனால் ஊசியை நிறுத்த வேண்டும் என்றார். பிள்ளை தினமும் குத்துப்படுவதைப் பார்க்கிற தாய்க்கு அதைவிட இனிமையான பேச்சு எது? நிறுத்தினாள். மூன்றாம் நாள் ஓயாத வாந்தி, புஸ்புஸ் என்று மூச்சு, வாயில் அழுகிய பழ வாடை. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஒரு நர்ஸம்மா அம்மாவை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "இது இல்லாம ஒங்க பிள்ளை ஒரு வாரம் தாங்காது. மருந்துன்னு நினைக்காதீங்க, சோறுன்னு நினைச்சுக்கோங்க" என்றார். அம்மா மறுபடி யார் பேச்சையும் கேட்டு நிறுத்தவில்லை. அந்த நர்ஸம்மாவின் முகம் நினைவில் இல்லை, குரல் இருக்கிறது. எங்கே இருந்தாலும் நன்றியம்மா.

அன்றிலிருந்து 'குணமாயிடும்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். தம்பி மகள் கொண்டுவந்த செய்தியையும் அதனால்தான் நாலு தடவை படித்தேன்.

தம்பிக்கு என்ன நன்றி சொல்ல? கடலைமிட்டாய்க்குப் பேர்போன ஊரில் பிறந்தவன், என் முன்னால் ஒரு துண்டு வாயில் போட்டதில்லை. அவனுக்குப் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் மத்தியானம் கொல்லைப்புறம் போனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கடிக்கிற சத்தம் கேட்காமல் ஊறவைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறான். ஏழு வயசு. என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டான்.

சாத்தூருக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில் அந்தக் கண்டக்டர் அண்ணன். ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கி லோ ஆகிவிட்டது. சட்டை நனைய வேர்த்து, நாக்குக் குழறி, டிக்கெட் கேட்டவரிடம் ஏதோ உளறியிருக்கிறேன். சாமி வந்திருக்கிறது என்றார் ஒருவர். ஒரு பாட்டி மடியிலிருந்து கடலைமிட்டாய் எடுத்து நீட்டினார். பாட்டிக்கும் நன்றிதான், ஆனால் அந்த நேரத்துக்கு அது உதவாது. கடலையில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்திவிடும். கண்டக்டர் பஸ்ஸை ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தச் சொல்லி, "சீனித் தண்ணி, சீக்கிரம்!" என்று கத்தினார். அவர் அம்மாவும் ஊசி போடுகிறவராம். கால் மணி நேரம் பஸ் நின்றது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். மீதிப் பேருக்கு நன்றி. (பேசி முடியும் தறுவாயில் நின்றுபோன கல்யாணங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது நன்றி மடலில் சேராது.)

தூரத்து ஆட்கள் சிலரும் இருக்கிறார்கள். லியோனார்ட் தாம்சன் என்ற பையன், கனடாவின் டொரண்டோ நகரம், பதினான்கு வயது, எடை முப்பது கிலோகூட இல்லை. 1922 ஜனவரி 11 அன்று இன்சுலினை முதலில் உடம்பில் ஏற்றிக்கொண்டவன் அவன். மருந்து சுத்தமாக இல்லாததால் பலனும் சரியில்லை, ஊசி போட்ட இடமும் புண்ணானது. காலிப் என்ற வேதியியலாளர் சுத்தப்படுத்திக் கொடுத்த மருந்தை 23ஆம் தேதி மறுபடி போட்டார்கள். முதல் தடவை புண்ணான பிறகும் இரண்டாம் தடவை ஊசியைத் தாங்கினானே, அதற்கு நன்றி. அதற்குப் பின் பதின்மூன்று வருஷம் வாழ்ந்தான். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். அப்படி எழுதிக்கொடுத்த மருந்துக்கு இன்று மாதம் எவ்வளவு ஆகிறது என்பது எனக்கும் மெடிக்கல் அண்ணாச்சிக்கும் தெரியும்.

இன்னொருவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த டக்ளஸ் மெல்டன். தவளை முட்டையை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். 1990களின் தொடக்கத்தில் கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு டைப் 1 வந்ததும் துறையையே மாற்றிக்கொண்டார். பின்னால் மகளுக்கும் வந்தது. எங்கள் அம்மா ஸ்டவ் முன்னால் நிறம் பார்த்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அவரும் தன் பிள்ளைக்காக உட்கார்ந்திருக்கிறார். 2014இல் அவருடைய குழு, வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை ஏராளமாக வளர்த்துக் காட்டியது. அந்த வழியில் வந்த செல்களை முழு அளவில் ஏற்றிக்கொண்ட 12 பேரில் 10 பேர் ஒரு வருஷம் கழித்து இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள். 2025இல் வெளிவந்த இந்த முடிவைப் பற்றித்தான் தம்பி மகள் காட்டிய பேப்பரில் இருந்தது.

ஆனால் அந்தப் பத்துப் பேரும் புதுச் செல்களை உடம்பு அழித்துவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். கிருமி தொற்றினால் உடம்பு எதிர்த்து நிற்பது கஷ்டம். என் கணக்கில் இது இன்னும் குணம் இல்லை, ஒரு கட்டை அவிழ்த்து இன்னொரு கட்டுப் போடுவது. அந்த மாத்திரையும் தேவைப்படாத வழியை வேறு சிலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது வந்தால் முதலில் பிள்ளைகளுக்குப் போகட்டும். எனக்கு ஊசி பழகிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று இன்று ராத்திரி எங்கோ புதிதாகப் பழகிக்கொண்டிருக்கும்.

கடைசியாக மெடிக்கல் அண்ணாச்சி. 2012இல் ஒரு நாளைக்குப் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது உங்கள் கடை ஃபிரிட்ஜில் என் மருந்துக்கென்று ஒரு பழைய பிஸ்கட் டப்பா ஒதுக்கினீர்கள். கரண்ட் போனால் ஐஸ் வாங்கிவந்து, இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும் என்று டப்பாவைத் துண்டில் சுற்றி ஐஸுக்கு மேலே தொடாமல் வைப்பீர்கள். இதற்கெல்லாம் காசு கேட்டதில்லை. இப்போது எங்கள் வீட்டிலும் ஃபிரிட்ஜ் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் போன வாரம் பார்த்தேன், அந்த டப்பா உங்கள் கடையில் அதே தட்டில்தான் இருக்கிறது, காலியாக.

எடுத்துவிடாதீர்கள் அண்ணாச்சி. 5ஆம் தேதி சம்பளம் வந்ததும் வருகிறேன். பேனா ஊசிக்கு இரண்டு இன்சுலின் கார்ட்ரிட்ஜ், ஒரு டப்பா ஸ்ட்ரிப் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
கோவில்பட்டியிலிருந்து,
நீங்கள் எல்லோரும் 'சுகர்காரப் பிள்ளை' என்று கூப்பிட்ட நான்