கோயில் வகுப்பின் 12 டேப்லெட்டுகளையும் முடக்கியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
மாலைநேரத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
ரோஸ் ஹில், மொரீசியஸ்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைவர்,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 19.01.2026

பொருள்: 2019-இல் உங்களிடம் வாங்கிய 12 தமிழ்க் கல்வி டேப்லெட்டுகளில் பாட ஆப் திறக்க மறுப்பதும், மூன்றரை மாதமாக யாரும் சரியான பதில் சொல்லாததும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்த விஷயமாக நான் உங்களுக்கு எழுதும் பத்தாவது கடிதம் இது. முதல் ஒன்பதையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட் எண் வந்தது, பதில் வரவில்லை. அதனால் இதைக் காகிதத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மாடல் எண், சீரியல் எண் எதையும் மறுபடி எழுதப் போவதில்லை. ஒன்பது தடவை எழுதியாயிற்று. நீங்கள் செய்த சாமான், உங்களுக்குத் தெரியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டேப்லெட்டில் குறையில்லை. 2019 மார்ச்சில் வாங்கினோம். ஒன்று 7,500 மொரீசியஸ் ரூபாய், பன்னிரண்டுக்கும் 90,000. இரண்டு வருடம் கோயிலில் வாழையிலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு விற்றுச் சேர்த்த காசு அது. எங்கள் பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பலாக்காய் நறுக்கியிருக்கிறார்கள். டேப்லெட் பன்னிரண்டு என்பதால் பிள்ளைகளே அவற்றுக்குச் சித்திரை முதல் பங்குனி வரை பெயர் வைத்து, பின்பக்கம் வெள்ளை மையில் எழுதினார்கள். தைக்குத்தான் எப்போதும் சண்டை, அதன் ஸ்பீக்கர் தெளிவாகக் கேட்கும். ஆவணி ஒரு மூலை உடைந்து பிளாஸ்திரியோடு இருக்கிறது, ஆனாலும் ஓடுகிறது.

இங்கே பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் அவர்களுக்குப் படித்து வரும் மொழி. உங்கள் ஆப்பில் ழ-வை விரலால் எழுதும் பாடம் இருக்கிறதே, கோடு விலகினால் சிவப்பாகும், சரியாகப் போனால் பச்சையாகி ஒரு பெண் குரல் "பழம்" என்று சொல்லும். நான் நூறு தடவை சொல்லியும் "பலம்" என்றே சொன்ன ஒரு பையன், கார்த்திகையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குரலோடு மல்லுக்கட்டி, நாக்கை மடித்து மடித்துப் பார்த்து, ஒருநாள் "பழம்" என்றான். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இப்படி ஒரு பாடத்தைச் செய்தவர்கள்தான் அதைப் பூட்டியும் வைத்திருக்கிறீர்கள் என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

2025 அக்டோபர் 2, விஜயதசமி. புதிதாக நான்கு பிள்ளைகள் வகுப்பில் சேர வந்திருந்தார்கள். தட்டில் அரிசி பரப்பி அ எழுதி முடித்ததும், வழக்கம்போல டேப்லெட்டைக் கையில் கொடுத்தோம். ஏற்கனவே பழுதாகியிருந்த மார்கழி தவிர மற்றப் பதினொரு திரையிலும் ஒரே வரி: "இந்தப் பதிப்பு இனி இயங்காது, புதுப்பிக்கவும்." தொட்டால், "உங்கள் சாதனத்துக்கு இந்த ஆப் பொருந்தாது." பெற்றோர்கள், பூசாரி ஐயா, எல்லாரும் நிற்கிறார்கள். நல்ல நாளும் அதுவுமாய் எங்களை இப்படி நிறுத்தி வைத்தீர்கள்.

முன்கூட்டி ஒரு வரி எழுதியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்போம். எங்கள் மின்னஞ்சல் உங்களிடம் இருக்கிறது. புது மாடல் விளம்பரம் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது.

அப்புறம் அலைச்சல் தொடங்கியது. உங்கள் கஸ்டமர் கேர் சென்னை நேரம் ஐந்து மணிக்கு மூடும். அது எங்களுக்குப் பிற்பகல் மூன்றரை. பள்ளி முடிந்து நான் வீடு வந்து சேர்வதற்குள் நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். இடைவேளையில் கூப்பிட்டால் இசை. ஒரு தடவை பதினெட்டு நிமிடம் இசை கேட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினேன். வெளிநாட்டுக் கால் அது, காசு என்னுடையது.

சரி, நேரிலேயே போகலாம் என்று தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். பதினொன்றையும் துணியில் சுற்றி இரண்டு பையில் வைத்து, மெட்ரோவில் போர்ட் லூயி போய், உங்கள் ஏஜென்ட் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். கவுண்டரில் ஒரு இளைஞர். பையைப் பிரித்து மேசையில் வைத்த முதல் டேப்லெட் ஆவணி. அதை அவர் கையால்கூட எடுக்கவில்லை. பேனா முனையால் ஓரத்தில் தள்ளி, "ஸெத் லி, மதாம்" என்றார். கிரியோலில் எறிந்துவிடுங்கள் என்று அர்த்தம். மற்ற பத்தையும் பார்க்கவே இல்லை.

எறிந்துவிடுங்களாம்! எங்கே எறிவது? இந்தத் தீவு முழுவதற்கும் இருப்பது மார் ஷிகோஸில் ஒரே ஒரு குப்பைக் கிடங்கு. ஓடுகிற சாமானை அங்கே கொண்டுபோய்க் கொட்டச் சொல்கிறாரா? முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். என் முகத்துக்கு நேரே இப்படி யாரும் பேசியதில்லை. மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். எபெனில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது, அங்கே போங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த வெயிலில் இரண்டு பையோடு எபென் போனேன். சீட்டிலிருந்த முகவரியில் இருந்தது ஒரு கிடங்கு. காவலாளி பாவம், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அன்று முழுவதும் உங்கள் பெயரைச் சொல்லிப் போன இடங்களில் மரியாதையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மார்கழியைப் பற்றி விவரமாக எழுத மறந்துவிட்டேன். அது இதற்கும் முன்னால், ஆகஸ்டில். பேட்டரி ஊதிப் பின்மூடி தூக்கிக்கொண்டது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் கோயில் கொல்லையில் ஒரு மண்சட்டியில் வைத்தேன். பேட்டரி மட்டும் தாருங்கள் என்று உங்களுக்கு எழுதினேன். "உதிரிபாகம் இல்லை, புது மாடலுக்கு 10% தள்ளுபடி" என்றீர்கள். அதே மாடலில் பங்குனிக்கும் ஆடிக்கும் ரோஸ் ஹில்லில் போன் ரிப்பேர் செய்கிறவர் வேறு பேட்டரி போட்டு ஒரு வருடம் ஆகிறது, இன்றும் ஓடுகிறது. அவருக்கு முடிந்தது உங்களுக்கு ஏன் முடியவில்லை?

கடைசியில் டிசம்பரில் உங்கள் சென்னை அலுவலகத்துப் பெண் ஒருவர் போனில் கிடைத்தார். "ஆண்டிராய்டு 8.1 ரொம்பப் பழசு மேடம், கூகுளே விட்டுட்டாங்க" என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பதில் சரியில்லை. என் பழைய மாணவர் ஒருவர் எபெனில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். குரோம் 139-ஆம் பதிப்பிலிருந்து ஆண்டிராய்டு 10-க்குக் கீழே ஏறாது என்பது உண்மை, 2025 ஆகஸ்டில் அது நடந்தது. ஆனால் பழைய 138 அப்படியே திறக்கிறது. வாட்ஸ்அப் ஓடுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் ஓடுகிறது. விஎல்சியில் பாட்டுப் போடுகிறோம். மதுரைத் திட்டம் என்ற இலவசத் தமிழ் மின்நூல் தளத்திலிருந்து இறக்கிய நூல்களைத் திறந்து பெரிய பிள்ளைகள் படிக்கிறார்கள். திறக்க மறுப்பது உங்கள் ஆப் ஒன்றுதான்! பாடங்கள் எல்லாம் டேப்லெட்டுக்குள்ளேயே கிடக்கின்றன, படம், குரல், ழ உட்பட. திறக்கும்போது அது உங்கள் சர்வரைக் கேட்கிறது, சர்வர் "பழைய பதிப்பு" என்று சொல்லி வாசலிலேயே தடுக்கிறது. வீடு எங்களுடையது, சாமான் எங்களுடையது, பூட்டும் சாவியும் மட்டும் உங்களிடம்.

பாதுகாப்பு அப்டேட் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சிப் செய்பவர் அதை இயக்கும் மென்பொருளை (டிரைவர்) கொடுப்பதை நிறுத்தினால் அந்த சிப்பில் புது ஆண்டிராய்டு ஏற்றுவது கஷ்டம் என்பதை மாணவர் விளக்கினார், புரிகிறது. அதனால்தான் இந்த டேப்லெட்டுகளில் வங்கிக் கணக்கு இல்லை, மின்னஞ்சல் இல்லை, தேவையில்லாத ஆப் எதுவும் இல்லை. வகுப்பு நேரம் தவிர வைஃபையும் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நாங்கள் வாங்கியபோதே ஆண்டிராய்டு 9 வெளிவந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நீங்கள் 8.1 போட்டு விற்றீர்கள். கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட் 2020 ஜூன். வாங்கிப் பதினைந்தே மாதம்! பெட்டியில் "தலைமுறைக்கும் தமிழ்" என்று பெரிதாக அச்சடித்த நீங்கள், அப்டேட் எந்த மாதம் நிற்கும் என்று ஓரத்தில் சின்னதாகவாவது போட்டிருக்கக் கூடாதா?

இன்று கூகுள் 2023-இல் வந்த பிக்சல் 8 போனுக்கும், சாம்சங் 2024-இல் வந்த எஸ்24 போனுக்கும் ஏழு வருட அப்டேட் என்று வாக்குக் கொடுத்திருக்கின்றன. பக்கத்துத் தீவு ரீயூனியன் பிரான்ஸின் பகுதி என்பதால் அங்கே ஐரோப்பியச் சட்டம். 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புது மாடல் போன், டேப்லெட்டுக்கு, அந்த மாடல் விற்பனையை நிறுத்திய பின்னும் ஐந்து வருடமாவது அப்டேட் கொடுத்தாக வேண்டும். 2019 சாமானுக்கு அது பொருந்தாது, தெரியும். ஆனால் விமானத்தில் முக்கால் மணி நேரத் தூரத்தில் உள்ள பிள்ளைகளுக்குக் கிடைப்பது எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

வகுப்புக்கு 23 பேர் வந்தார்கள். இப்போது 9 பேர். மற்றவர்கள் போய்விட்டார்கள், இனி வர மாட்டார்கள். ஏழு வருட உழைப்பு ஒரே மாலையில் மண்ணாய்ப் போனது. இந்தத் தீவில் ஒரு தலைமுறைக்குத் தமிழ் இல்லாமல் போனால் அந்தப் பழி உங்களைத்தான் சேரும். "ஸெத் லி" என்ற அந்தச் சொல்லை என் பிள்ளைகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டார்கள்.

தயவுசெய்து நான் கேட்பதை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். புது டேப்லெட் வேண்டாம், தள்ளுபடி வேண்டாம், பணமும் வேண்டாம். 8.1-இல் ஓடிய கடைசிப் பதிப்பை, சர்வரைக் கேட்காமல் திறக்கும்படி மாற்றி ஒரு கோப்பாக அனுப்புங்கள். மாணவர் கணக்கில் அது ஒரு நாள் வேலை. அதுவும் முடியாது என்றால் டேப்லெட் தொடங்கும்போது ஆண்டிராய்டை ஏற்றும் நிரலான பூட்லோடரைத் திறக்கும் குறியீட்டையாவது கொடுங்கள். பழைய சாதனங்களிலும் ஏற்றக்கூடிய இலவச ஆண்டிராய்டு வகையான லினேஜ் ஓஎஸ் போல ஏதாவது ஏற்ற முடியுமா என்று அவர் முயன்று பார்ப்பார். மார்கழிக்கு ஒரு பேட்டரி, விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம். போர்ட் லூயி கவுண்டரில் இருந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுத்தில். இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் இங்கே நுகர்வோர் பாதுகாப்பு அமைச்சகத்தில் உங்கள் ஏஜென்ட் மீது புகார் கொடுப்பேன். சென்னையில் என் தம்பி இருக்கிறான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யவும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனு போடவும் அவன் தயார். 2022-இல் இந்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு அமைத்தபோது முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் மொபைலும் டேப்லெட்டும் இருந்தன என்பதையும் நினைவூட்டுகிறேன். எங்களைச் சின்னக் கோயில் வகுப்பு என்று எண்ண வேண்டாம். 1998-இல் இந்த நாட்டு ரூபாய் நோட்டில் அச்சிடும் மொழிகளின் வரிசையில் தமிழ் பின்னுக்குப் போனபோது எங்கள் மக்கள் சும்மா இருக்கவில்லை, மத்திய வங்கியே அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது.

அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. உங்கள் ஆப்பைச் செய்தவர்களில் ஒருவராவது இதைப் படித்தால், அந்த ழ பாடத்துக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பிப்ரவரி 1 தைப்பூசக் காவடி. அது முடிந்த வாரம் வகுப்பு மறுபடி தொடங்குகிறது. அதற்குள் கோப்பு வந்துவிட்டால் வேறெதையும் கிளற மாட்டேன்.

இப்படிக்கு,
தமிழ் வகுப்பு ஆசிரியை,
ரோஸ் ஹில்.

இணைப்பு: 2019 ரசீது நகல், ஒன்பது டிக்கெட் எண்கள், எபென் முகவரி எழுதிய துண்டுச் சீட்டின் நகல், மார்கழியின் புகைப்படம்.