முதலில் அந்த வீட்டுக்கு ஒரு ஃபோன் எடுங்கள்

எங்கள் வட்டாரப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் கல்விச் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள தோர்ன்ஹில்லில் பதினேழு வருடமாக இருக்கும் ஒரு தமிழ்த் தாய். பக்கத்து வீடு ஒரு யூதக் குடும்பம். அவர்களுடைய மகனும் என் மகளும் எட்டாம் வகுப்பில் ஒன்றாகப் படிக்கிறார்கள். போன பனிக்காலம் அவனுடைய மேசையில் யாரோ நாஜிச் சின்னத்தைக் கீறிவிட்டார்கள். பாடசாலை அன்றைக்கே மேசையை மாற்றியது. சரி. மூன்று நாள் கழித்து எல்லாப் பெற்றோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'பொருத்தமற்ற கீறல்' என்று அதில் இருந்தது. யூதர் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. அந்தப் பையனின் அம்மாவுக்கும் எனக்கு வந்த அதே மின்னஞ்சல்தான். தனியாக ஒருவரும் அவருக்கு ஃபோன் எடுக்கவில்லை.

எங்கள் குசினி ஜன்னலால் அவர்களின் வாசல் தெரியும். அவன் புறப்படும்போது கதவு நிலையில் சாய்வாகப் பதித்திருக்கும் மெசூசாவை, அதாவது வேத வசனம் வைத்த சின்னப் பேழையைத் தொட்டு, அந்த விரலை முத்தமிடுவான். அதில் மாற்றமில்லை. ஆனால் இப்போது படியிறங்க முன்னர், யூத ஆண்கள் அணியும் சின்னத் தலைக்குல்லாவான கிப்பாவின் மேல் ஒரு பேஸ்போல் தொப்பியைக் கவிழ்த்துக்கொள்கிறான். அதை அவன் சட்டென்று, பழகிப்போன கையோடு செய்வதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

'அந்தச் சின்னம் எங்கள் சாமிப் படத்திலும் இருக்கிறதே' என்று என் மகள் கேட்டாள். கேட்பாள்தானே. எங்கள் சுவஸ்திகா மங்கலத்துக்குப் போடுவது. யூதப் பிள்ளையின் மேசையில் அதைக் கீறுகிறவன் மங்கலம் சொல்லவில்லை, 60 லட்சம் யூதர்களைக் கொன்றவர்களின் கொடியைக் காட்டுகிறான் என்று அவளை இருத்தி விளங்கப்படுத்தினேன். இது ஒவ்வொரு இந்து வீட்டிலும் பேச வேண்டிய பேச்சு. வகுப்பிலும் பேசுங்கள்.

2023 செப்டெம்பரில் இருந்து ஒன்ராறியோவில் ஆறாம் வகுப்புக்கு யூத இனப்படுகொலை கட்டாயப் பாடம். நல்ல விஷயம். ஆனால் அதை எங்கேயோ போலந்தில் நடந்த கதையாக மட்டும் பிள்ளைகள் படிக்கக் கூடாது. 1933 ஆகஸ்ட் 16ஆம் தேதி, இதே ரொறன்ரோவில், கிறிஸ்டி பிட்ஸ் மைதானத்தில் பேஸ்போல் ஆட்டம் முடிந்ததும் சிலர் இதே சின்னம் எழுதிய துணியை விரித்துக் காட்டினார்கள். யூதப் பொடியன்கள் அதைப் பறிக்கப் பாய்ந்தார்கள். அடிதடி மணிக்கணக்காக நடந்தது. இத்தாலியப் பொடியன்கள் வந்து யூதர் பக்கம் நின்றார்கள். பிள்ளைகளை அந்த மைதானத்துக்கே கூட்டிக்கொண்டு போகலாம், சப்வேயில் போய்வரும் தூரம்தான்.

யூத சமூகம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ரொறன்ரோவின் நோர்த் யோர்க் பகுதியில் ஒரு யூதப் பெண்கள் பாடசாலைமீது 2024இல் மட்டும் மூன்று தடவை சுட்டார்கள். அதில் ஒன்று யூதர்களின் மிகப் புனிதமான நோன்பு நாளான யோம் கிப்பூரில். யாருக்கும் காயமில்லை, பாடசாலை மூடப்படவுமில்லை. தொழுகைக் கூடங்களின் வாசலில் காவலாளி நிற்பது இங்கே சாதாரணமாகிவிட்டது. மற்றவர்களுக்காகவும் வந்து நின்றவர்கள் அவர்கள். 2017இல் கியூபெக் பள்ளிவாசலில் ஆறு பேர் கொல்லப்பட்டதும், ரொறன்ரோவில் யூதர்கள் பள்ளிவாசலைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் யூதர்கள் 11 பேர் கொல்லப்பட்டபோது, முஸ்லிம்கள் வந்து யூதத் தொழுகைக் கூடத்தைச் சுற்றி நின்றார்கள். காவலுக்கு ஆள் வைக்க யூத சமூகத்தால் முடியும். ஆனால் உங்கள் பாடசாலை நடைவழியில் அந்தப் பையனோடு அவர்கள் வர முடியாது. அங்கே நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

காஸா பற்றி இந்த ஊரில் ஆளுக்கொரு கருத்து உண்டு, எனக்கும் உண்டு. எந்த அரசு என்ன செய்தாலும் அதற்கு ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லை. 'நீ உன் அனுபவத்தை வகுப்புக்குச் சொல்கிறாயா?' என்று அவனைக் கேட்டார்களாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாடம் எடுப்பது ஆசிரியரின் வேலை.

என் அப்பா இறந்த மூன்றாம் நாள் அந்தப் பக்கத்து வீட்டு அக்கா அவித்த முட்டையும் பாணும் கொண்டுவந்தார். என் பக்கத்தில் கிட்டத்தட்ட அரை மணித்தியாலம் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார். நான் அழுதேன், பிறகு அப்பாவைப் பற்றிக் கதைத்தேன், அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். துக்க வீட்டில் துக்கப்படுகிறவர் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது அவர்களின் வழக்கம் என்று பின்னர்தான் அறிந்தேன்.

அப்படி ஒரு வருகைதான் அந்தக் குடும்பத்துக்கும் தேவைப்பட்டது. இனி இப்படி ஒன்று நடந்தால், அறிக்கை எழுத முன்னர் அன்றைக்கே அந்த வீட்டுக்கு ஃபோன் எடுங்கள். முடிந்தால் நேரில் போங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அப்புறம் எழுதும் கடிதத்தில் 'யூத வெறுப்பு' என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் ஃபோன் எடுங்கள்.

அவன் செப்டெம்பரில் ஹைஸ்கூல் போகிறான். அங்கே அதிபர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் இந்த மடலின் பிரதி ஒன்றை அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
தோர்ன்ஹில்லில் இருந்து ஒரு தமிழ்த் தாய்