ஆட்டுக்கான படிப்பும் ஊசியும் மழைக்கு முன்னால் ஊருக்கு வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் இத்தனை கோடிக்கு வியாபாரம் என்று படத்தோடு செய்தி போடுகிறீர்கள். சனிக்கிழமைச் சந்தைக்குப் போய் வருகிறவள் என்பதால் அதை ஒரு வரி விடாமல் படிப்பேன். அந்த ஆடுகள் எந்த வீடுகளிலிருந்து வருகின்றன, நோயில் போகாமல் சந்தை வரை எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் மக்கள் படிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் எல்லாம் மானாவாரி. வானம் ஏமாற்றிய வருசத்தில் காட்டிலிருந்து விதைக்காசு கூடத் திரும்பாது. அப்போது வீட்டைத் தாங்குவது ஆடுதான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் ஒரு கிடா, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒரு பெட்டை. நகையை அடகு வைக்காமல், வட்டிக்காரரிடம் போய் நிற்காமல் பல குடும்பங்கள் இப்படித்தான் சமாளிக்கின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 99 லட்சம் வெள்ளாடுகள் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி எங்களைப் போல நாலு, எட்டு, பத்து என்று கொல்லையில் கட்டி வளர்க்கிற வீடுகளில்தான் நிற்கிறது. மேய்ப்பது, தழை ஒடித்துப் போடுவது, குட்டியைப் பார்ப்பது எல்லாம் பெண்களும் வயசானவர்களும்தான்.

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் கூடத்துக்குள் நடக்கிற காரியம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் எங்கள் பக்கம் பேசுவார்கள். ஆட்டுக்கொல்லி நோயின் கதையைக் கேட்ட பிறகு எனக்கு அந்த எண்ணம் போய்விட்டது. காய்ச்சல் அடித்து, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகி, வாயெல்லாம் புண்ணாகி, கழிச்சல் கண்டு ஆடுகள் கொத்துக் கொத்தாகச் சாகும் நோய் அது. இந்தியாவில் இதை முதன்முதலில் கண்டுபிடித்தது 1987இல், நம் அரசூரில். இன்றைக்கு விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் ஊர், அன்றைக்குத் தென்னார்க்காடு. அங்கே நோய் கண்ட ஆடுகளில் எடுத்த கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, வீரியத்தை அடக்கி, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி ஆக்கினார்கள். ஊசிக்குப் பெயரே ‘அரசூர் 87’. இமாச்சலப் பிரதேசத்தில் சுங்க்ரி என்ற ஊரில் எடுத்த கிருமியிலிருந்து இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இன்னொரு ஊசி செய்தது. அதன் பெயர் ‘சுங்க்ரி 96’. ஒரு தடவை போட்டால் மூன்று வருசமாவது ஆட்டைக் காக்கும். மாடுகளைக் கூண்டோடு கொன்ற வெக்கை நோய் இதற்குப் பங்காளி மாதிரி. அந்த நோயை உலகத்திலேயே இல்லாமல் ஒழித்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லியையும் 2030க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக அளவில் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஏழை வீட்டு ஆட்டுக்காக இத்தனை பேர் இத்தனை வருசம் உழைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது மனசு நிறைந்துவிட்டது.

ஆனால் ஊசி இருப்பது வேறு, அது எங்கள் ஆட்டின் தோலுக்குள் போவது வேறு. நடுவில் என்ன தடங்கல் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். இந்த மருந்து பொடியாகக் குப்பியில் வரும். ஒரு குப்பி ஐம்பது, நூறு ஆட்டுக்கானது. கரைசல் ஊற்றிக் கலக்கிவிட்டால் பனிக்கட்டியில் வைத்திருந்து இரண்டொரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. அஞ்சு ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒருத்தி போனால், அவளுக்காக நூறு ஆட்டு மருந்தைக் கலக்கத் தயங்குவார்கள். எங்கள் தெருவில் ஒரு மதினிக்கு அதுதான் நடந்தது. “இன்னும் ஆடு சேரட்டும், அப்புறம் வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யார் மேலும் கோபப்பட்டு இதை எழுதவில்லை. ஐப்பசி அடைமழையில் நோய் வந்தது. கொட்டிலில் நின்றதில் பாதிக்கு மேல் போய்விட்டது. அந்த வருசம் அவர் மகள் காலேஜில் சேரவில்லை.

அடுத்த வருசம் எங்கள் மகளிர் குழுவில் சிலர் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் வெள்ளாடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போனோம். அந்தக் குப்பிக் கணக்கை அங்கேதான் விளங்கிக்கொண்டோம். திரும்பி வந்ததும் குழுக் கூட்டத்தில் வீடு வீடாக ஆட்டுக் கணக்கு எழுதினோம். மூணு மாசத்துக்கு மேற்பட்ட குட்டிகளையும் சேர்த்துக்கொண்டோம். இத்தனை ஆடு இருக்கிறது, இன்ன தேதியில் வந்தால் காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்க்காமல் வைத்திருப்போம் என்று மனு கொடுத்தோம். டாக்டர் வந்தார். கோயில் திடலில் வெயில் ஏறுவதற்குள் ஊர் ஆடு முழுக்க ஊசி போட்டாயிற்று. அதற்குப் பின் வந்த மழைக்காலத்தில் பக்கத்து ஊர்களில் சாவு விழுந்தது, எங்கள் ஊரில் விழவில்லை. ஆராய்ச்சியும் பயிற்சியும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பயிற்சியில் கற்றதில் இன்னும் இரண்டு சங்கதிகளைச் சொல்லியே ஆக வேண்டும். ஆடு ஈன்றால் நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் குட்டியைப் பால் குடிக்க விட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சில நேரம் அது விழ அரை நாள் ஆகிவிடும். குட்டி கத்திக் கத்தித் துவண்டு கிடக்கும். பிறந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும், நோயைத் தாங்கும் சக்தி குட்டிக்கு அதில்தான் வருகிறது, நேரம் போகப் போக அதன் குடல் அந்தச் சக்தியை உறிஞ்சாது என்று அங்கே சொன்னார்கள். குட்டி காம்பைச் சப்பினால்தான் கர்ப்பப்பை சுருங்கி நஞ்சுக்கொடியும் சீக்கிரம் விழும் என்றார்கள். என் மாமியார் முதலில் சம்மதிக்கவில்லை. கன்னி இனத்து ஆடு ஒன்று இரட்டைக் குட்டி போட்ட ராத்திரி அவர் கண் முன்னாலேயே குடிக்க விட்டேன். இப்போது தெருவில் எந்த ஆடு ஈன்றாலும் முதலில் போய்க் குட்டியை மடியில் சேர்த்துவிடுவது அவர்தான்.

இன்னொன்று கண் பார்ப்பது. ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் லேசாக இழுத்து உள்பக்கத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளுத்துப்போய் இருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கலாம். முன்பெல்லாம் கடையில் கொடுத்த ஒரே மருந்தை எல்லா ஆட்டுக்கும் உத்தேசமாக ஒரே அளவில் ஊற்றுவோம். அப்படி ஊற்றினால் புழுவுக்கு மருந்து பழகிப்போய் பிறகு எதற்கும் அசையாது என்பது ஆராய்ச்சியில் தெரிந்த உண்மை. எடை பார்த்து, தேவைப்பட்ட ஆட்டுக்கு, டாக்டர் சொல்கிற மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இதற்காகக் குழுவில் ஒரு தொங்கு தராசு வாங்கினோம். அது வேறொரு நன்மையும் செய்தது. சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பெண்கள் அதில் கலந்துகொள்ள முடியாது. கண் மதிப்பில் “பதினஞ்சு கிலோ தேறாதும்மா” என்பார்கள். ஆடு எத்தனை கிலோ என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டு போகிறவளிடம் அந்தப் பேச்சு எடுபடுவதில்லை.

கன்னி ஆட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருத்த உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இருந்தால் பால் கன்னி, அந்தக் கோடு செந்நிறமாக இருந்தால் செங்கன்னி. எங்கள் வெயிலுக்கும் வறட்சிக்கும் ஏற்ற இனம், பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். கொடி ஆடும் சேலம் கருப்பும் போல இதுவும் நம் மண்ணின் இனமாகப் பதிவு பெற்றது. இப்போது சீக்கிரம் எடை கூடும் என்று வெளிநாட்டுப் போயர் கிடாவையும் கேரளத்துத் தலைச்சேரிக் கிடாவையும் வாங்கி வந்து கண்டபடி கலந்துவிடுகிறார்கள். தீவனம் கொட்டிப் பரண் கட்டி வளர்க்கிறவர்களுக்கு அது சரிப்படலாம். சீமைக்கருவேல நெற்றையும் தரிசுப் புல்லையும் நம்பி இருக்கிற வீட்டுக்கு அது தாங்காது என்பது என் திடமான எண்ணம். எங்களுக்கு வேண்டியது நல்ல கன்னிக் கிடா. ஊரில் ஒரே கிடா வருசக்கணக்கில் நின்று தன் மகளையே சேர்ந்தால் குட்டிகள் சவலையாகத்தான் பிறக்கும். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை ஊருக்கு ஊர் கிடா மாற்றிக்கொள்ள அரசுப் பண்ணைகள் வழியாக ஓர் ஏற்பாடு செய்தால் பெரிய உதவி.

இத்தனை பயன் இருந்தும் பயிற்சிக்கு வந்தவர்களில் கொல்லையில் ஆடு கட்டியிருக்கும் பெண்கள் குறைவு. பண்ணை போட நினைக்கும் டவுன்காரர்கள், கடனுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று வந்தவர்கள்தான் அதிகம். அவர்கள் வருவதில் தப்பில்லை. தேசியக் கால்நடை இயக்கத்தில் நூறு பெட்டைக்கு அஞ்சு கிடா என்று தொடங்கி ஐந்நூறு பெட்டை வரை பண்ணைக்கு 50 சதவீத மானியம் இருக்கிறது. எட்டு ஆட்டுக்காரிக்கு அந்தப் படியில் கால் வைக்க இடமில்லை. அவளுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உதவி அறிவும் ஊசியும்தான். ஆனால் பயிற்சி காலை பத்து மணி முதல் மாலை வரை, நூறு கிலோமீட்டர் தள்ளி. இரண்டு பஸ் மாறிப் போய்த் திரும்ப வேண்டும். அன்றைக்கு நூறு நாள் வேலைக் கூலி போகும், ஆட்டைப் பார்க்க ஆள் இருக்காது. நாங்கள் போனதே எங்கள் வீட்டு ஆடுகளையும் சேர்த்து மேய்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தார் ஒத்துக்கொண்டதால்தான்.

எனவே நான் கேட்பது இதுதான். பயிற்சி ஊருக்கு வர வேண்டும். மத்தியானம் ஆடு திரும்பிய பிறகு இரண்டு மணி நேரம், ஊர்ச் சாவடியிலோ சத்துணவுக் கூடத்திலோ, எங்கள் ஆட்டையே நிறுத்திக் காட்டிச் சொல்லிக்கொடுக்கலாம். வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையமும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. தட்டைக்கும் தானியத்துக்கும் ஆகிற கே 12 சோளம் கோவில்பட்டியில் பிறந்ததுதான். அந்த விதையும் வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா நாற்றும் அதே கூட்டத்தில் கைக்குக் கிடைத்தால் கோடையில் தழைக்கு அலைய வேண்டாம். பீகார், ஜார்க்கண்ட் பக்கம் மகளிர் குழுவில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து ‘பசு சகி’ என்று பயிற்சி கொடுத்து, குடற்புழு நீக்கத்துக்கும் முதலுதவிக்கும் ஊரிலேயே ஆள் வைத்திருக்கிறார்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது, உண்மையாகவே நல்ல திட்டம். வண்டி வந்து சேரும்வரை என்ன செய்வது என்று தெரிந்த ஒரு பெண்ணும் ஊரில் இருக்கட்டும்.

ஊசித் தேதியும் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஆட்டுக்கொல்லிக்கும், மழைப்புல் தளிர்த்ததும் வரும் துள்ளுமாரி நோய்க்கும் புரட்டாசி பிறப்பதற்குள் ஊசி விழுந்தால்தான் பலன். மழை விழுந்து, நோய் கண்டு, அதன் பிறகு முகாம் நடத்துவது ஆட்டுக்காரிக்கு ஆறுதல் மட்டுமே. கால்நடைத் துறை ஆவணி முதல் வாரத்திலேயே ஊர் வாரியாக நாளைக் குறித்து அறிவிக்கட்டும். ஆடுகளை எண்ணித் திரட்டி நிறுத்த எங்கள் குழுக்கள் தயார். அந்தப் பட்டியல் கிடைத்ததும் மாவட்டப் பக்கத்தில் ஊர்ப் பெயரோடும் தேதியோடும் வெளியிடுமாறு உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். டீக்கடையில் ஒருவர் வாசித்தாலே சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் வாசகி,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.