கணுக்கால் பிடியும் அதற்குப் பிறகும்

காரைக்குடி

அன்பு நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தாங்களும் ஆச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மகள் வயிற்றுப் பேரன் மல்யுத்தத்தில் எதுவரை போவான், படிப்பை நிறுத்திவிட்டு வடக்கே பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அவன் மோதிய அத்தனை சுற்றுகளையும் மல்யுத்த மெத்தையான ‘மேட்’டின் ஓரத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். தாத்தாவுக்கு எழுதுகிறோமே என்று பூசி மெழுகாமல், பட்டதைப் பட்டபடியே எழுதுகிறேன்.

கல்லல் பக்கத்துப் பொங்கல் கபடிகளில் தடுப்பு வரிசையின் இடக்கோடியில், இடது கார்னராக நின்று வளர்ந்தவன் அல்லவா, அந்தக் கணுக்கால் பிடிதான் இன்றும் அவனுடைய சொத்து. எதிராளி முன்காலில் பாரத்தை ஊன்றும் வரை அவசரப்படாமல் காத்திருக்கிறான். ஊன்றியதும் வலது முழங்கால் மேட்டில் வழுக்கிக்கொண்டு போக, இரண்டு கைகளும் குதிகாலுக்கு மேலே பூட்டிக்கொள்கின்றன. மற்ற பையன்களைப் போல முன்கூட்டியே தோளைக் குலுக்கியோ கையைத் தட்டியோ காட்டிக்கொடுப்பதில்லை என்பதால், இவன் இறங்கியதே எதிராளிக்குக் கால் சிக்கிய பிறகுதான் தெரிகிறது. பத்தொன்பது வயதில் இந்தப் பொறுமையைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

குறையும் அதே பிடிக்குள்தான் இருக்கிறது. கபடியில் கணுக்காலைப் பிடித்தவன் விடாமல் கிடந்தால் போதும், மிச்ச ஆறு பேரும் வந்து விழுந்துவிடுவார்கள். மேட்டில் அந்த ஆறு பேர் இல்லை. இறுதிப் போட்டியில் இரண்டாம் பாதி தொடங்கியபோது இவன் 4-2 என்று முன்னிலையில் இருந்தான். வழக்கம்போல் காலைப் பிடித்தான். ஆனால் இரண்டு முழங்கால்களும் தரையில், நெற்றியும் தரையில், அப்படியே கிடந்தான். எதிராளி தன் கால்களைப் பின்னால் வீசி, இடுப்பின் பாரம் முழுவதையும் இவன் பிடரியில் இறக்கி, நிதானமாகச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டான். அதற்கு இரண்டு புள்ளி. பிறகு இடுப்பைக் கட்டி அடுத்தடுத்து இரண்டு உருட்டல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு. கண்மூடித் திறப்பதற்குள் 4-8 ஆகிவிட்டது. அந்த உருட்டல்களின்போதும் கைகளை அகல ஊன்றி இடுப்பைத் தரையோடு அழுத்த அவனுக்குத் தோன்றவில்லை. தரையில் மாட்டிக்கொண்டால் தப்பிக்கும் பழக்கமே அவனுக்கு இன்னும் வரவில்லை.

ஆகவே அவன் புதிதாக எந்தப் பிடியும் கற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. காலைப் பிடித்த மறுகணமே தலையை நிமிர்த்தி, காதை எதிராளியின் தொடையோடு ஒட்டி, ஒரு பாதத்தை ஊன்றி எழுந்து, பிடித்த காலோடு வட்டமாக நடந்து அவனைச் சாய்ப்பது என்ற ஒன்றை மட்டுமே ஓராண்டு முழுக்கப் பழகினால் போதும். கல்லூரிப் பயிற்சியாளரிடமும் இதையே சொன்னேன். அவரோ தூக்கி எறியும் பிடிகளில் ஆசை உள்ளவர். நான்கு புள்ளி கிடைக்கும், கூட்டமும் கைதட்டும் என்கிறார். கைதட்டல் கிடக்கட்டும்.

அடுத்தது மூச்சு. கபடியின் அரை நிமிட ரெய்டுக்குப் பழகிய உடம்பு, மூன்று மூன்று நிமிடமாக இரண்டு பாதிகளைத் தாங்கவில்லை. தன் காலைப் பிடிக்க விடாமல் தடுப்பதில் பலவீனம் என்று எல்லோரும் பேசிய பஜ்ரங் பூனியா, இரண்டாம் பாதியில் எதிராளியை மூச்சுத் திணற வைக்கும் வேகத்தால்தான் பல போட்டிகளை மீட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 65 கிலோ பிரிவில் வெண்கலமும் வாங்கினார். நம் பையனுக்கோ இரண்டாம் பாதியில் கை முழங்காலுக்குப் போய்விடுகிறது.

இதற்குப் பாதிக் காரணம் எடைக் குறைப்பு என்று நினைக்கிறேன். சாதாரண நாட்களில் 69 கிலோவுக்குக் குறையாதவன், 65 கிலோ பிரிவுக்காக முந்தின நாள் தண்ணீரைக்கூட ஒதுக்கிவிட்டு வந்திருந்தான். காலையில் எடை பார்க்கும்போதே உதடு வெடித்திருந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் அமன் ஷெராவத் பத்து மணி நேரத்தில் நான்கரைக் கிலோவுக்கு மேல் குறைத்து வெண்கலம் வென்றார் என்ற செய்தியைப் படித்துவிட்டு எல்லாப் பையன்களும் இதைச் செய்கிறார்கள். அவரைச் சுற்றிப் பயிற்சியாளர்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். அதே ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் வெறும் 100 கிராம் கூடியதால் இறுதிப் போட்டியையே இழந்ததையும் இவர்கள் மறந்துவிடுகிறார்கள். இன்னும் வளர்கிற உடம்பு. இப்போதைக்கு 70 கிலோவில் வயிறார உண்டு மோதட்டும். அது ஒலிம்பிக் பிரிவு அல்ல என்று அவன் வருத்தப்படுவான். இருபத்திரண்டு வயதுக்குள் தோளும் தொடையும் திரண்டு ஒலிம்பிக் பிரிவான 74-க்கு வந்துவிடுவான். அவனுடைய உயரத்துக்கு அதுவே இயல்பான இடம்.

வடக்கே அனுப்புவது பற்றி: இப்போது வேண்டாம். சோனிபட்டிலும் டெல்லி சத்ரசால் அரங்கிலும் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்தே மேட்டில் புரண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பிடித்த பிடியை எழுந்து முடிக்கத் தெரியாமல் அங்கே போனால், அவர்கள் பழகுவதற்குக் கிடைத்த உடம்பாக மட்டும் இருந்து, மனம் ஒடிந்து திரும்புவான். அதேசமயம் நம் பக்கத்தில் அவனுக்கு ஈடுகொடுக்கும் ஆள் இல்லை என்பதும் உண்மை. ஒரே மூன்று பேருடன் தினமும் மோதினால் அந்த மூன்று பேரை ஜெயிக்க மட்டுமே கற்றுக்கொள்வான். படிப்பு நடக்கட்டும், கோடை விடுமுறையில் மட்டும் வெளியே ஒரு நல்ல முகாமுக்கு அனுப்புங்கள். மாநில அளவில் பதக்கம் வாங்குவான் என்று துணிந்து சொல்வேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியப் போட்டியில் முதல் எட்டுக்குள் வருவது, அந்த ஓராண்டுப் பழக்கத்தைப் பொறுத்தது. அதற்கு மேல் இப்போதே ஆரூடம் சொல்ல நான் தயாராக இல்லை.

ஒன்று மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். எடைப் பிரிவை மாற்றச் சொல்லி நான் பேசியபோது தலையை ஆட்டினானே தவிர, மனம் ஒப்பவில்லை. ஐயா நீங்கள் சொன்னால் தட்டமாட்டான். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே அவனிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பயிற்சியாளரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
தங்கள் நண்பன்