எழும்பூரில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வாடகை வீடு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

பிறந்த ஆண் குழந்தைக்கு விதைப்பைக்குள் விதை இறங்கவில்லை என்றால், "தானா இறங்கிடும், பயப்படாதீங்க" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். பல குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்துக்குள் இறங்கிவிடும். ஆனால் இரண்டு பக்கமும் காலியாக இருந்து, வயிற்றுத் தோலும் சுருங்கித் தொளதொளவென்று கிடந்தால் விஷயம் வேறு. டாக்டர்கள் அதை புரூன் பெல்லி சிண்ட்ரோம் என்பார்கள். 30,000 முதல் 40,000 பிரசவங்களுக்கு ஒன்று. அநேகமாக ஆண் பிள்ளைகளுக்கே வரும். அப்படிப் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள்.

இவர்களுக்கு வயிற்றுத் தசை சரியாக வளர்ந்திருக்காது. சிறுநீர்ப்பை பெருத்து, சிறுநீர்க் குழாய்கள் நெளிந்து கிடக்கும். விதைகள் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். மல்லாந்து படுத்த பிள்ளை நேராக எழாது. ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றித்தான் உட்காரும். இருமுவதற்கும் வயிற்றில் பலம் வேண்டுமே! சளி பிடித்தாலே எங்களுக்குத் தூக்கம் போய்விடும்.

விதையை இறக்கும் ஆபரேஷனைச் சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் இடைவெளி விட்டு இரண்டு தடவையாகச் செய்கிறார்கள். அந்தச் செலவை அரசு மருத்துவமனையும் காப்பீட்டுத் திட்டமும் பார்த்துக்கொள்கின்றன. அதற்காக நாங்கள் கேட்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும்தான் பணம் கரைகிறது. சிறுநீரகம் கெடாமல் இருக்க ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று வருடக்கணக்கில் வந்து போக வேண்டும். தர்மபுரியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வருபவர்கள் எங்கே தங்குவார்கள்? அம்மா பிள்ளையோடு வார்டில், அப்பா பிளாட்பாரத்தில். சில பிள்ளைகளுக்கு ஒரு நாளில் நாலைந்து முறை டியூப் விட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். அதற்குக் கை கழுவ நல்ல தண்ணீரும் கொஞ்சம் மறைவும் வேண்டும்.

ஆகவே குழந்தைகள் மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்க முடிவு செய்திருக்கிறோம். அட்வான்ஸ் ரூ. 1,00,000, ஒரு வருட வாடகை ரூ. 2,40,000.

நூறு ரூபாய் என்றாலும் ரசீது உண்டு. பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். கணக்கு விவரம் பொருளாளரிடம் கிடைக்கும். பிள்ளையின் படத்தைப் போட்டு யாராவது பணம் கேட்டால், அவர் எங்கள் ஆள் இல்லை.

பொருளாகத் தருவதென்றால் பாய், குக்கர், கேஸ் அடுப்பு எதுவானாலும், பழசானாலும் சரி. டியூபும் மருந்தும் மட்டும் வேண்டாம். அளவு பிள்ளைக்குப் பிள்ளை மாறும். டாக்டர் சீட்டைப் பார்த்து நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர் குழு