குடிலுக்கு வெளியே உள்ள விடுமுறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிராமத்துக் குடில்களில் விடுமுறையைக் கழிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அறை வசதிகளை விரிவாகச் சொல்லிவிட்டு, வாசற்படிக்கு அப்பால் இருப்பதை இரண்டே வரிகளில் முடித்துவிட்டது. அங்கே தங்கப் போவதே அந்த வெளிக்காகத்தான் அல்லவா?

குறிப்பாக, கடலோரப் பாறைகளில் நடப்பவர்கள் ஓத நேரத்தை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரத்தை, அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆவதால், கடல் வற்றும் நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. முதல் நாள் காலையில் கால் நனையாமல் கடந்த இடத்தில், ஒரு வாரம் கழித்து அதே மணிக்குக் கடல் ஏறி நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் இறக்கமும் இன்னும் மிகுதி. சென்ற விடுமுறையில் பாறைக்குட்டை ஒன்றில் கையளவு கல்லைப் புரட்டினேன். ஈரம் மின்ன ஒரு நண்டுக்குஞ்சு நிழல் தேடி ஓடியது. கல்லை இருந்தபடியே திருப்பி வைத்தபின்தான் மனம் ஆறியது.

பழைய கட்டடங்களிலும் அதே கவனம் தேவை. கல்லில் பொறித்த எழுத்துகளைப் படிப்பதற்காக, அவற்றின்மேல் படர்ந்த கல்பாசியைச் சுரண்டுவோரைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத வகைகள் கல்பாசியில் உண்டு. காலை, மாலைச் சாய்வெயிலில் நின்றாலே தேய்ந்த எழுத்துகள் நிழல் விழுந்து தெளியும்.

கடலோரப் பயணக் கட்டுரைகளுடன் அந்தந்தக் கரையின் ஓத நேரத்தையும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்