லீ சியாங்லானை நான்காக உடைக்காதீர்கள்: பாட்டுச் செயலி நடத்துவோருக்கும் பாட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். நான் மலேசியாவின் ஈப்போவில் இருக்கிறேன். உங்கள் செயலிக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவன். இரண்டு மாதமாக ஒரே விஷயத்துக்காக உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். செயலி நடத்தும் நிறுவனத்திடம் கேட்டால், பெயர் விவரம் தருவது பாட்டின் உரிமையாளர், அங்கே கேளுங்கள் என்று பதில் வருகிறது. உரிமையாளரிடம் கேட்டால், பக்கத்தை அமைப்பது செயலிக்காரர்கள், அங்கே கேளுங்கள் என்கிறார்கள். அதனால்தான் இரு தரப்பையும் சேர்த்துப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். லீ சியாங்லான், ரீ கோரான், யமகுச்சி யோஷிகோ, ஷர்லி யமகுச்சி ஆகிய நான்கும் போர்க்காலத்தில் புகழ்பெற்ற ஒரே நடிகையின், பாடகியின் பெயர்கள். நான்கையும் ஒரே பக்கத்தில் சேர்த்து, அவர் யார் என்பதைச் சரியாக எழுதுங்கள்.

நடந்தது இதுதான். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அடுத்த வீட்டுச் சீனப் பாட்டிக்கு 91 வயது. நாங்கள் எல்லோரும் 'போ போ' என்றுதான் கூப்பிடுவோம். என்னைத் தூக்கி வளர்த்தவர். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பெற்ற மகனையே சில நாட்கள் அடையாளம் தெரிவதில்லை. ஆனால் லீ சியாங்லான் பாடிய 'யே லாய் சியாங்' என்ற சீனப் பாட்டின் முதல் வரியை யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும், மீதியை அவரே பாடிவிடுவார். சின்ன வயதில் அவர் கேட்ட பழைய குரலிலேயே அதைப் போட்டுக் காட்டலாம் என்று உங்கள் செயலியில் தேடினேன். முதலில் தைவான் பாடகி தெரெசா தெங் வந்தார். அவரும் அருமையாகப் பாடியவர்தான், ஆனால் போ போவுக்கு வேண்டிய குரல் அதற்கும் முந்தியது. அப்புறம் ஒரு பக்கம் கிடைத்தது. அதில் வேறு யாரோ ஒரு நடிகையின் படம், கீழே "சீனப் பாடகி" என்று ஒரு வரி. இன்னொரு பெயரில் இன்னொரு பக்கம், அங்கே ஜப்பானியப் பாட்டுகள் மட்டும். மூன்றாவது பக்கத்தில் ஏழு பாட்டு, படமே இல்லை. நான்காவதில் அமெரிக்க நாட்களின் ஒரே ஒரு பதிவு. ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியே கிடையாது.

கணினிக் கோளாறு, இதற்கா இவ்வளவு கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். வேறொரு பாடகிக்கு இப்படி நடந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். இவருடைய வாழ்க்கையில் பெயர் எப்பேர்ப்பட்ட விஷயம் என்பது, இவர் பாட்டை விற்கும் உங்களுக்குத் தெரியாததல்ல.

1920இல் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பாவின் சீன நண்பர் ஒருவர் மகள் முறையாக ஏற்றுக்கொண்டு வைத்த பெயர்தான் லீ சியாங்லான். அந்தப் பெயரிலேயே வானொலியில் பாடினார். 1938இல் ஜப்பானியர் நடத்திய மஞ்சூரியத் திரைப்பட நிறுவனம் அவரைச் சீன நடிகை என்றே திரையில் நிறுத்தியது. ஜப்பானின் ஆக்கிரமிப்புக்குச் சீன முகம் ஒன்று தேவைப்பட்டது. 1941 பிப்ரவரி 11 அன்று தோக்கியோவின் நிச்சிகேகி அரங்கை ஏழரைச் சுற்று சுற்றி ரசிகர்கள் நின்றார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கூட்டம் பார்க்க வந்தது ஒரு சீனப் பெண்ணை. மேடையில் நின்றவரோ ஜப்பானியர், அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

1940இல் வந்த ஒரு படத்தில், ஜப்பானிய மாலுமி அவரை அறைகிறான், அறை வாங்கிய சீனப் பெண் அவன்மேல் காதல் கொள்கிறாள். சீன மக்களுக்கு அது எப்படி எரிந்திருக்கும்! பின்னர் பெய்ஜிங்கில் ஒரு செய்தியாளர் எழுந்து, சீனப் பெண்ணாகிய நீங்கள் எப்படி இந்தப் படத்தில் நடித்தீர்கள் என்று கேட்டார். அறியாத வயதில் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று இவர் சொன்னார். அரங்கம் கைதட்டியது. 1987இல் வந்த தன்வரலாற்றில் இதை அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கைதட்டலை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மனம் நொந்து கேட்ட மன்னிப்பு உண்மை. ஆனால் மன்னித்தவர்கள் யாரை மன்னித்தோம் என்று அறியாமல் மன்னித்தார்கள். 23 வயதுப் பெண் அந்தப் பாரத்தோடு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

போர் முடிந்ததும் அதே பெயர் அவர் கழுத்துக்கு வந்தது. சீனராக இருந்துகொண்டு எதிரிக்கு உழைத்த துரோகி என்று ஷாங்காயில் வழக்கு. சீனர் என்றால் மரண தண்டனை, ஜப்பானியர் என்றால் விடுதலை. பெய்ஜிங்கில் இருந்த பெற்றோரிடமிருந்து ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டின் நகலை வாங்கி, ஒரு பொம்மைக்குள் மறைத்து ஷாங்காய்க்கு வந்துசேரும்படி செய்தவர் லியூபா என்ற ரஷ்ய யூதத் தோழி, சிறுவயதுச் சிநேகிதி. அந்தத் தாளால் 1946இல் உயிரோடு வெளியே வந்தார். அதே குற்றச்சாட்டில் சிக்கிய, ஜப்பானியர் வளர்த்த மஞ்சு இளவரசி கவாஷிமா யோஷிகோவுக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. 1948இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

பதிவேட்டில் இருந்த ஒரு பெயரால் உயிர் பிழைத்தவரை, உங்கள் பதிவேடு நான்கு துண்டாக வைத்திருக்கிறது. "சீனப் பாடகி" என்ற அந்த ஒற்றை வரி, 1938இல் சொன்ன அதே பொய். அவர் வாழ்நாள் முழுக்க அதைத் திருத்தப் பாடுபட்டார். அகிரா குரோசாவா படத்தில் சொந்தப் பெயரோடு நடித்தார். அமெரிக்காவில் ஷர்லி ஆனார். பிறகு நடிப்பை விட்டார், தொலைக்காட்சிக்காக வியட்நாமுக்கும் பாலஸ்தீனத்துக்கும் போனார், 1974 முதல் 18 ஆண்டுகள் ஜப்பானிய மேலவையில் இருந்தார். போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களுக்காக அமைத்த நிதியத்தில் துணைத் தலைவராக உழைத்தார். 2014இல் 94 வயதில் இறக்கும்வரை, தான் யாராக நடித்தோம் என்பதை அவர் மறைக்கவில்லை. நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள்?

ஒரு தமிழனுக்கு இதில் என்ன அக்கறை என்று என் நண்பர்களே கேட்டார்கள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் எங்கள் தாத்தாவின் அண்ணன் தோட்டத்திலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போடப் போனார். திரும்பவில்லை. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அந்த 415 கிலோமீட்டர் பாதையில் செத்த எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் கதி அதுதான். கூலிகள் என்று மொத்தமாக ஒரு சொல், அவ்வளவுதான். அந்தப் போரின் பிரசாரப் படங்களில் சிரித்த முகம் இவருடையது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இவருக்குப் பரிந்து பேச வரவில்லை. அவர் செய்ததும் செய்யாததும், பின்னால் வருந்தியதும், எல்லாம் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் இருக்க வேண்டும். சீனப் பாட்டு ஒரு பக்கம், ஜப்பானியப் பாட்டு ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால், கேட்கிற பிள்ளைக்கு அந்தப் போரே தெரியாமல் போய்விடும். பணத்துக்கு விளம்பரத்தை எங்கே நுழைப்பது என்று நொடிக்கணக்கில் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். செத்தவர்களின் பெயரைச் சரிபார்க்க மட்டும் உங்களில் யாருக்கும் நேரம் இல்லை.

மன்னிக்கவும், கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன். வேலை பெரிதில்லை. கணினி வருவதற்கு முன்பே நூலகங்களில் 'இந்தப் பெயரையும் பார்க்க' என்று ஓர் அட்டை வைத்து இதைச் செய்தார்கள். நான்கு பக்கங்களையும் இணையுங்கள். எல்லாப் பெயர்களையும் எல்லா எழுத்துகளிலும் தேடினால் ஒரே இடத்துக்கு வரும்படி செய்யுங்கள். தவறான படத்தை எடுத்துவிடுங்கள். "சீனப் பாடகி" என்ற வரிக்குப் பதிலாக, மஞ்சூரியாவில் பிறந்த ஜப்பானிய நடிகை, பாடகி, சீனப் பெயரில் அறிமுகமானவர் என்று எழுதுங்கள். 'யே லாய் சியாங்'கை 1944இல் இயற்றிய லி சின்குவாங் பெயரையும் போடுங்கள், அதுவும் அங்கே இல்லை.

பாட்டு கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? போ போவின் மகன் வைத்திருந்த பழைய ஒலிநாடாவில். கரகரவென்று ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசி அடி வரை கூடவே பாடினார். பாடியது யார் என்று கேட்டேன். "லீ சியாங்லான்," என்றார் கான்டனீஸ் உச்சரிப்பில். கொஞ்ச நேரம் கழித்து, "ஜப்பான்காரி," என்றும் சொன்னார்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். தயவுசெய்து, இந்த முறை இன்னொருவரைக் கேட்கச் சொல்லி அனுப்பாதீர்கள்.

மரியாதையுடன்,
ஈப்போவிலிருந்து உங்கள் சந்தாதாரர்